தாளை நனைக்க அனுமதி

என் தம்பி செல்வின் சாவதற்கு முன் எங்கள் வீட்டில் நடந்த கடைசிச் சாதாரண காரியம், நான் உளுந்தில் கல் பொறுக்கியது. வெள்ளிக்கிழமை மதியம். மூன்று கல் கிடைத்திருந்தது.

செல்வின் சாப்பாட்டுத் தூக்கின் மூடியை என் முன்னால் நீட்டினான். மூடியில் ஒரு மாத்திரை இருந்தது. அவன் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவன். துறைமுகத்தில் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு கொச்சிக்குப் போவான். தூங்காமல் ஓட்டுவதற்கு மாத்திரை போடுவான். அது எனக்குத் தெரியும். தெரியாது என்று இருவரும் வைத்துக்கொண்டிருந்தோம்.

"எக்கா, இது எப்பவும் வாங்குற ஆள்ட்ட வாங்கல. கலரு ஒரு மாதிரி இருக்கு. உன் லேப்ல போட்டுப் பாத்துச் சொல்லேன்."

"அது பள்ளிக்கூடத்து லேப்பு. கண்டதையும் அங்க பாக்க முடியாது."

"உப்புன்னு நெனச்சுப் பாரேன்."

"ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுத?"

அவன் சிரித்தான். மூடியைத் தூக்கில் பொருத்தினான். நான் நாலாவது கல்லைத் தேடினேன்.

மறுநாள் காலையில் அவன் லாரி ஒரு சுங்கச்சாவடிக்கு முன்னால் ஓரமாக நின்றது. கைப்பிரேக் போட்டிருந்தான். இண்டிகேட்டரும் போட்டிருந்தான். செல்வின் ஒழுங்கான டிரைவர்.

மாத்திரையில் வேறொன்று கலந்திருந்தது என்று டாக்டர் சொன்னார். அந்த வேறொன்றின் பெயரை ஒரு சீட்டில் எழுதித் தந்தார். அதில் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று நான் பார்த்தேன். துக்கம் வந்தால் நான் இப்படித்தான்.

நான் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளர். பிள்ளைகள் லேப் அக்கா என்பார்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் என் பெயர் ரெஜினா. இருபத்தெட்டு வருடமாக உடைந்த சோதனைக் குழாய் ஒவ்வொன்றையும் பதிவேட்டில் எழுதி வந்திருக்கிறேன். ஒரு குழாய் விரிசல் மட்டும் விட்டிருந்தது. அதை அரைக் குழாய் என்று எழுதினேன்.

ஒரே ஒரு விஷயத்தில் நான் நேர்மையாக இல்லை. பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குழாயில் பெயர் தெரியாத உப்பு கொடுப்பார்கள். அது என்ன உப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாமல் முழிக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிவிடுவேன். வாயால் அல்ல. மூக்கைத் தொட்டால் அமோனியம். கம்மலைத் தொட்டால் ஈயம். வளையலைத் திருகினால் தாமிரம். கூரையைப் பார்த்தால் துத்தநாகம். வெளியிலிருந்து வரும் தேர்வாளர்கள் என்னை நரம்புத் தளர்ச்சிக்காரி என்று நினைத்தார்கள்.

கையில் இருப்பது என்ன என்று ஊரில் பாதிப் பேருக்குச் சொன்னவள் நான். தம்பிக்குப் பதிவேட்டைக் காட்டினேன்.

செல்வின் செத்த மறுவாரமே, மாத்திரையைச் சோதிக்கும் தாளுக்கு அனுமதி தர, துறைமுகச் சாலையில் தாள் அனுமதி அலுவலகம் திறந்தார்கள். கட்டடம் கிடையாது. கன்டெய்னர்கள்தான். ஒரு கன்டெய்னருக்கு ஒரு பிரிவு. கிரேன் அவற்றை மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே இருக்கும். சில சமயம் ஒரு பிரிவு தவறிப்போய்க் கப்பலில் ஏறிவிடும். மக்கள் இதற்குப் பழகியிருந்தார்கள்.

என்னிடம் ஒரு தாள் இருந்தது. அருள்செல்வி என்ற பழைய மாணவி கனடாவில் நர்ஸாக இருக்கிறாள். செய்தி கேள்விப்பட்டு ஒரு அனுதாப அட்டை அனுப்பினாள். அட்டைக்குள் அந்தத் தாள் இருந்தது. சுண்டுவிரல் நீளம். மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்துத் தாளை முக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் அந்த வேறொன்று இருக்கிறது. இரண்டு கோடு வந்தால் இல்லை. தாளுக்கு அந்த ஒரு விஷயம்தான் தெரியும். மற்றதெல்லாம் தெரியாது. அந்த வகையில் அது என்னைவிடப் பரவாயில்லை.

அங்கே இதைச் சும்மா கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தாள். நான் அட்டையை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

ஆறு வாரம் கழித்து மிக்கேல் போன் செய்தான். செல்வினோடு ஒரே கம்பெனியில் லாரி ஓட்டுகிறவன்.

"எக்கா, செல்வினும் நானும் ஒண்ணாத்தான் வாங்குனோம். அதே மாத்திரை அட்டை. என்கிட்ட நாலு மிச்சம் இருக்கு."

"தூக்கிப் போடு."

"போட்டுட்டு? நாலு மணிக்கு லோடு கெளம்புது. ரெண்டு நாளாத் தூங்கல."

"வேற ஆள அனுப்பச் சொல்லு."

"வேற ஆளுதான் நான்."

என்னிடம் தாள் இருப்பதைச் சொன்னேன்.

"அப்ப பாத்துச் சொல்லு. மோசம்னா தூக்கிப் போட்டுருதேன். இல்லன்னா போடுதேன்."

"பாக்க முடியலன்னா?"

"அப்பவும் போடத்தான செய்யணும். வண்டி தானா ஓடுமா?"

"சரி. நான் போய் அனுமதி வாங்கிட்டு வாரேன்."

"எதுக்கு அனுமதி? தண்ணியில முக்குனாப் போதும்னியே."

"அந்த ஆபீஸ் விதிப்படி தாளே போதை சாமான்ல சேத்தி. நான் ரிட்டயர் ஆக இன்னும் பதினோரு மாசம் கெடக்கு."

"சரிக்கா. நான் அந்த வாசல்லயே வண்டியப் போடுதேன். அரை மணிக்கு ஒருதரம் ஹாரன் அடிக்கேன். உனக்கு நேரம் தெரியும்."

ஒருவன் உயிர் இந்தப் பக்கம், என் பென்ஷன் அந்தப் பக்கம். நான் நடுவில் குடையை எங்கே வைத்தேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

குடை தேவைப்படவில்லை. அலுவலக வாசலில் 'குடைக்கு அனுமதியில்லை, மழையை ஊக்குவிக்கும்' என்று பலகை வைத்திருந்தார்கள். நான்கைந்து பேர் நனைந்துகொண்டு அதைப் படித்தார்கள்.

வாசல் காவலாளியின் சட்டையில் சுப்பையா பாண்டி என்று பெயர் குத்தியிருந்தது.

"பைக்குள்ள என்ன?"

"ஒரு தாள்."

"எழுதுனதா, எழுதாததா?"

"நனைக்கிறது."

அவர் இரண்டு அடி பின்னால் போனார். "வேற?"

"தண்ணி பாட்டில்."

"தாளும் தண்ணியும் ஒரே பைக்குள்ளயா வச்சிருக்கீக? படிச்சவுக மாதிரி இருக்கீகளே."

"குடிக்கிற தண்ணி."

"தண்ணிக்கு அது தெரியுமா?"

அவர் பாட்டிலை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்தார். உள்ளே ஏராளமான பாட்டில்கள் இருந்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் சீட்டு கட்டியிருந்தது. என்னிடம் ஒரு ரசீது தந்தார். 'தண்ணீர், முக்கால் லிட்டர், நோக்கம் தெரியவில்லை' என்று எழுதியிருந்தது. கையெழுத்து நன்றாக இருந்தது. அதைப் பாராட்டினேன். பின்னால் மிக்கேல் முதல் ஹாரன் அடித்தான். இரண்டரை.

முதல் பிரிவில் கனகமணி என்ற அம்மாள் இருந்தார். ஸ்வெட்டர் போட்டிருந்தார். அது முன்பு மீன் ஏற்றிய குளிர்பதனக் கன்டெய்னர். யாரும் இன்னும் அணைக்கவில்லை.

"விண்ணப்பதாரர் உயிரோட இருக்காரா?"

"நான்தான் விண்ணப்பதாரர்."

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

"உயிரோடதான் இருக்கேன்."

"அப்ப தேவை நிரூபணம் ஆகலையே." அவர் படிவத்தில் ஒரு கட்டத்தை அடித்தார். "செத்தவங்க விண்ணப்பிச்சா ஒரே நாள்ல கெடைக்கும். அவங்களுக்குத் தேவை இருந்துச்சுன்னு தெளிவாத் தெரியும்."

"அவங்களுக்கு இனிமே எதுக்கு?"

"அதான் யாரும் வந்து வாங்கல. திட்டம் நல்லாப் போயிட்டிருக்கு."

அந்த நேரத்தில் கிரேன் எங்களைத் தூக்கியது. தரை ஒருமுறை ஆடியது. ஜன்னலில் உப்பளமும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியும் வட்டமாகச் சுற்றி வந்தன. கனகமணியின் டீ சிந்தவில்லை. அவர் டீயைக் கையில் எடுத்து வைத்திருந்தார். எப்போது தூக்குவார்கள் என்பது அவருக்கு உடம்பில் தெரிந்திருந்தது.

"எனக்கு நாலு மணிக்குள்ள வேணும். வெளிய ஒருத்தன் மாத்திரையோட நிக்கான்."

"இன்னும் போடலையா?"

"போடல."

"அப்ப அவரும் தகுதி இல்ல." எங்களை வேறோர் அடுக்கில் இறக்கினார்கள். அவர் டீயை மேசையில் வைத்தார். "நாலாம் பிரிவுல கேட்டுப் பாருங்க. தண்ணி சம்பந்தப்பட்டது எல்லாம் நாலு."

"நாலாம் பிரிவு எங்க?"

"கொழும்பு போயிருக்கு. புதன்கிழமை வந்துரும்."

"நேரா டைரக்டரப் பாக்கலாமா?"

"தாராளமா. காரிடார்ல போங்க. போகும்போது அனுமதிங்கிற வார்த்தையச் சொல்லாதீங்க. ஒருதரம் சொன்னா ஒரு கன்டெய்னர் நீளம் கூடும்."

நான் நடந்தேன். காரிடார் என்பது இரண்டு பக்கமும் கதவு திறந்த கன்டெய்னர்களை வரிசையாக வைத்தது. எனக்கு முன்னால் போன ஒரு வயதானவர் யாரிடமோ போனில் "அனுமதி கெடைக்கலப்பா, அனுமதி தர மாட்டேங்குறாங்க" என்றார். இயக்குநரின் கதவு இரண்டு முறை தள்ளிப் போனது. நான் அவரை முறைத்தேன். அவர் மன்னிப்புக் கேட்டார். "என்ன வாங்க வந்தீங்க?" என்று கேட்டார். "அனுமதி" என்றேன். ஆக மூன்று.

பாதி வழியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஐந்தாவது நாற்காலியில் செல்வின் உட்கார்ந்திருந்தான். அடக்கத்துக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. பெட்டியில் கிடத்துவதற்காகச் சட்டையின் முதுகை வெட்டியிருந்தோம். சாய்ந்து உட்கார்ந்திருந்ததால் தெரியவில்லை. கையில் டோக்கன் வைத்திருந்தான்.

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறு வாரமாக அவனிடம் சொல்ல ஒரு வாக்கியம் வைத்திருந்தேன். திருத்தித் திருத்தி நன்றாக வந்திருந்தது.

"அன்னைக்கு உளுந்து போட்டியே, மாவு என்னாச்சு?" என்றான்.

"பொங்கி வழிஞ்சிருச்சு. கொட்டிட்டேன்."

"ரெண்டு தோசையாவது சுட்டுருக்கலாம்."

"செத்த வீட்டுல தோசையா சுடுவாக?"

"வந்தவுகளுக்குப் பசிச்சிருக்கும்ல."

அது உண்மை. நாசரேத்துச் சித்தி பசியோடுதான் திரும்பிப் போனார். என் வாக்கியம் எங்கே ஆரம்பிக்கும் என்பது மறந்துபோயிற்று.

"செல்வின், நான் அன்னைக்குப் பாத்துச் சொல்லிருந்தா நீ போட்டிருக்க மாட்ட."

அவன் யோசித்தான். அவன் எப்போதும் கேள்விக்கு யோசித்துத்தான் பதில் சொல்வான்.

"தெரியலக்கா. லோடு அவசரம். பாதி போட்டிருப்பேன்."

"பாதியா?"

"பாதி போட்டுட்டு யார்ட்டயாவது சொல்லி வச்சிருப்பேன். ஒருமாதிரி ஆனா முதுகுல தட்டுங்கன்னு. கிளீனரும் இல்லாமத்தான போனேன்." அவன் டோக்கனைப் புரட்டிப் பார்த்தான். "தெரியாததுனால முழுசாப் போட்டேன்."

இரண்டாவது ஹாரன் கேட்டது. மூன்று.

"மிக்கேல் வண்டில்லா அது. ஹாரன்ல ஒரு இருமல் வரும்."

"அவன்கிட்ட நாலு இருக்கு."

செல்வின் நிமிர்ந்து உட்கார்ந்தான். முதுகில் வெட்டிய சட்டை விலகியது. "அப்ப இங்க என்ன செய்யுத?"

"அனுமதி வாங்க வந்தேன்" என்றேன். காரிடார் நீண்டது. எங்கள் நாற்காலிகளுக்கு இடையில் ஆறடி இடைவெளி விழுந்தது.

"என் பேர்ல எழுதிக் குடு" என்று அங்கிருந்து சொன்னான். "செத்தவுகளுக்கு ஒரே நாள்ல தாரானுவளாமே."

படிவத்தை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவன் முழங்காலில் வைத்து நிரப்பினான். 'யாருக்குத் தேவை' என்ற இடத்தில் மிக்கேல் என்று எழுதினான். ஜன்னல் வழியாக ஒரு கை வந்து படிவத்தை எடுத்தது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது. 'இறந்தவர் உயிருள்ளவருக்காகக் கேட்க இயலாது. தனக்காகக் கேட்கவும்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

அவன் தன் பெயரை எழுதினான். ஜன்னலில் நீட்டினான். திரும்பி வந்தது. 'காலம் கடந்தது.'

"சரியாத்தான சொல்லுதான்" என்றான் செல்வின். "நீ போ. டைரக்டரப் பாரு."

இயக்குநரின் கன்டெய்னரில் தரைவிரிப்பு போட்டிருந்தார்கள். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "லேப் அக்கா" என்றார். பிறகு தான் இயக்குநர் என்பது நினைவுக்கு வந்து உட்கார்ந்தார். இசக்கிராஜ். இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் என் ஆய்வகத்தில் மூன்றாவது மேசை. ஒரு குடுவை உடைத்தவன். அதுவும் பதிவேட்டில் இருக்கிறது.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுக்கொண்டே நெற்றியைத் துடைத்தார்.

"அக்கா, தாள் குடுத்தா என்ன ஆகும் தெரியுமா? எல்லாரும் மாத்திரை போட ஆரம்பிச்சிருவாங்க."

"இப்ப போடலையா?"

"இப்ப தெரியாமப் போடுறாங்க. அது வேற."

"தெரிஞ்சா சில பேரு தூக்கிப் போடுவாங்க."

"அது எங்க கணக்குல வராதே. செத்தவங்கள எண்ணலாம். சாகாதவங்கள எங்க போய் எண்ணுறது?" அவர் மேசைக்கு அடியிலிருந்து ஒரு அட்டைப் பெட்டியைக் காலால் தள்ளிக் காட்டினார். பெட்டி நிறைய தெர்மாமீட்டர்கள். "போன மாசம் ஊர்ல இருந்த தெர்மாமீட்டர் எல்லாத்தையும் திரும்ப வாங்கிட்டோம். இப்ப இந்த ஊர்ல ஒருத்தருக்குக் காய்ச்சல் கிடையாது."

அவர் நெற்றி கொதிப்பது மேசைக்கு இந்தப் பக்கம் எனக்குத் தெரிந்தது.

"உங்களுக்கு இருக்கு போலயே தம்பி."

"இருக்க வாய்ப்பில்ல" என்றார். பற்கள் இலேசாக அடித்துக்கொண்டன.

மேசையின் மேல் ஒரு கண்ணாடிப் பெட்டி இருந்தது. அதற்குள் ஒரு சோதனைக் குழாய். அடியில் வெள்ளைத் தூள். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"நம்ம லேப் குழாய்தான் அக்கா. பிராக்டிகல் அன்னைக்குக் கொடுத்த உப்பு. முடிஞ்சதும் பாக்கெட்ல போட்டுட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

இருபத்திரண்டு வருடமாகப் பதிவேட்டில் ஒரு குழாய் குறைந்தது. அது உடைந்தது என்று நான் எழுதியிருந்தேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்தில் எனக்குக் கோபம் வந்தது அதற்குத்தான் என்பதைக் குறித்து வைக்கிறேன்.

"அன்னைக்கு எனக்கு ஒண்ணுமே தெரியல. உங்களப் பாத்தேன். நீங்க மூக்கத் தொட்டீங்க. அமோனியம் குளோரைடுன்னு எழுதினேன். எங்க பேட்ச் எல்லாரும் அதைத்தான் எழுதினோம். முழு மார்க். அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது. காலேஜ், பரீட்சை, இந்த நாற்காலி." குரல் கனிந்தது. "தினமும் காலைல இதுல ஒரு துளி எடுத்து மோர்ல போட்டுக் குடிப்பேன். ராசி."

நான் அந்தத் தேர்வை நினைத்துப் பார்த்தேன். பிப்ரவரி. ஆய்வகத்துக்கு வெள்ளையடித்திருந்தார்கள்.

"தம்பி, அன்னைக்கு எனக்குச் சளி."

"என்னது?"

"சுண்ணாம்பு வாடை ஒத்துக்கல. காலைலேருந்து மூக்கத் துடைச்சிட்டே இருந்தேன். நான் யாருக்கும் ஒண்ணும் சொல்லல."

அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கிரேன் எங்களைத் தூக்கி ஓர் அடுக்கு கீழே வைத்தது.

"எல்லாரும் ஒண்ணையே எழுதினாங்களே."

"எல்லாரும் என் மூக்கத்தான பாத்தீங்க. தேர்வாளர் உங்க எல்லாரையும் பாத்தாரு."

"அப்ப இது என்ன?"

"தெரியாது. பாத்தாத்தான் தெரியும்."

"மூணாவது மேசைக்கு என்ன கொடுத்தீங்க? ஈயமா? ஈயமா இருக்குமா அக்கா?" அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார். "அந்தத் தாள் இப்ப கையில இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு."

"அதுல இதப் பாத்துருவோமே. கதவச் சாத்திடலாம். யாருக்கும் தெரியாது."

"விதி?"

"விதி பொதுமக்களுக்கு. இது என் வயிறு."

மூன்றாவது ஹாரன் கேட்டது. இருமலோடு. மூன்றரை.

நான் பையை மடியில் இறுக்கிப் பிடித்தேன். "இந்தத் தாளுக்கு உப்பு தெரியாது தம்பி. ஒரே ஒரு விஷயம்தான் தெரியும். அது வெளிய நிக்கிறவனுக்கு. உங்களுக்கு உப்பு பாக்கணும்னா குழாயோட லேப்புக்கு வாங்க. நாளைக்கே பாத்துச் சொல்லுதேன்."

"லேப்புக்கா? அது ஸ்கூல் லேப்பாச்சே. ஸ்டாக் ரிஜிஸ்டர்ல என்னன்னு எழுதுவீங்க?"

"ஏதாவது எழுதிக்கிடுதேன்."

இது என் வாயிலிருந்துதான் வந்தது. சிரமமே இல்லை. நான்கு நொடிகூட ஆகவில்லை. மோரில் போட்டுக் குடித்த ஒரு இயக்குநருக்கு.

அவர் நன்றியோடு முத்திரையை எடுத்தார். அனுமதிச் சீட்டு நல்ல கனமான காகிதம். வெளியே வந்துதான் படித்தேன். 'ரெஜினா என்பவர் ஒரு தாளை வைத்திருக்கவும், எடுக்கவும், உற்று நோக்கவும் அனுமதிக்கப்படுகிறார். நனைப்பதற்கான அனுமதியை நாலாம் பிரிவில் பெற்றுக்கொள்ளவும்.'

திரும்பி வரும்போது கிரேன் வேலை செய்திருந்தது. செல்வின் இருந்த கன்டெய்னர் மூன்றாவது அடுக்குக்குப் போயிருந்தது. திறந்த கதவின் ஓரத்தில் அவன் செருப்புகள் மட்டும் தெரிந்தன.

"கெடச்சுதா?" என்று மேலேயிருந்து கேட்டான்.

"பாதி."

"பாதி நல்லதுதான். ஓடு."

என் வாக்கியம் அப்போது முழுவதும் நினைவுக்கு வந்தது. மூன்று அடுக்குக்குக் கத்திச் சொல்லக்கூடிய வாக்கியம் அல்ல அது. அதில் இரண்டு அரைப்புள்ளிகள் இருந்தன. நான் ஓடினேன்.

வாசலில் ரசீதை நீட்டினேன். சுப்பையா பாண்டி அனுமதிச் சீட்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இப்ப சுத்தமா முடியாதும்மா. வரும்போது சும்மா தாள் வச்சிருந்தீக. இப்ப அனுமதியோட வச்சிருக்கீக. அனுமதியுள்ள தாள்காரருக்குத் தண்ணி குடுக்கக் கூடாது."

"தாள் இல்லாதவருக்குக் குடுக்கலாமா?"

"அவருக்கு எதுக்குக் குடுக்கக் கூடாது? தாகத்துக்குத் தண்ணி கேட்டா இல்லன்னு சொல்ல நான் என்ன மனுஷன் இல்லையா?"

ரசீதை மிக்கேலிடம் கொடுத்தேன். அவன் லாரியிலிருந்து இறங்கி வந்து வாங்கிக்கொண்டான். கண் இரண்டும் சிவந்து, இமைகள் தனித்தனியாக மூடித் திறந்தன. சுப்பையா பாண்டி பாட்டிலை எடுத்து அவனிடம் கொடுத்து, வெயிலில் பார்த்துப் போகச் சொன்னார். மழை பெய்துகொண்டிருந்தது.

அங்கே தண்ணீருக்குப் பஞ்சமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தேன். பை மட்டும்தான் காய்ந்திருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டிருந்தேன்.

"வண்டிக்குள்ள ஏறுங்கம்மா" என்று சுப்பையா பாண்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். "வண்டி எங்க எல்லை கெடையாது. ஆனா நான் எழுதத்தான் செய்வேன். எழுதாம இருக்க எனக்கு அனுமதி இல்ல."

மிக்கேல் கைகொடுத்து என்னை மேலே இழுத்தான். நான் அதற்கு முன் டிரெய்லரில் ஏறியதில்லை. தம்பி பதினைந்து வருடம் ஓட்டிய வண்டி எவ்வளவு உயரம் என்பது எனக்குத் தெரியாது. கீழே சாலையில் இருந்தவர்கள் எல்லாரும் சின்னதாக இருந்தார்கள். கண்ணாடியில் ஒரு சிலுவை தொங்கியது. பக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழம். மிக்கேல் எதையும் விட்டுவைக்கவில்லை.

"நாலுல எதப் பாக்கணும்க்கா?"

"ஏதாவது ஒண்ணு. ஒண்ணு நல்லா இருந்தாலும் மத்தது நல்லதுன்னு சொல்ல முடியாது. கேட்டுக்கிட்டியா?"

"கேட்டுக்கிட்டேன்."

பாட்டில் மூடியில் மாத்திரையைப் பொடித்துத் தண்ணீர் விட்டேன். பள்ளி ஆய்வகத்தில் குழாயைக் கலக்குவது போல மூடியைச் சுழற்றினேன். கைப்பழக்கம். இருபத்தெட்டு வருடம். அனுமதிச் சீட்டை மடித்து மூடிக்கு அடியில் வைத்தேன், ஆடாமல் இருக்க. கனமான காகிதம் என்பதால் உதவியாக இருந்தது.

தாளை முக்கினேன். கீழே சுப்பையா பாண்டி ஏதோ எழுத ஆரம்பித்தார். எழுதி முடித்து ஜன்னல் வழியாகப் புத்தகத்தை நீட்டினார். நான் கையெழுத்துப் போட்டேன். 'நனைத்த தாள்கள், எண்ணிக்கை' என்ற கட்டம் காலியாக இருந்தது. ஒன்று என்று நிரப்பினேன்.

ஈரம் தாளில் மெல்ல ஏறியது. முதல் கோடு வந்தது. இரண்டாவது கோடு வர வேண்டிய இடத்தை இருவரும் பார்த்தோம். இரண்டு நிமிடம் பார்த்தோம். பிறகு இன்னும் ஒரு நிமிடம் பார்த்தோம், தாளுக்குச் சந்தர்ப்பம் கொடுத்ததாக இருக்கட்டும் என்று.

"ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"அப்ப செல்வின் போட்டதும்…"

"ஆமா."

நான் மூக்கைத் தொடவில்லை. கம்மலைத் தொடவில்லை. வாயால் சொன்னேன்.

மிக்கேல் மீதி மூன்றையும் எடுத்து நசுக்கி, மூடியில் இருந்த கரைசலோடு பழைய துணியில் கொட்டிச் சுருட்டினான். யாரும் எடுக்க முடியாதபடி டீசலில் முக்கினான். அவ்வளவு கவனமாகச் செய்தான். பிறகு ஸ்டியரிங் மேல் நெற்றியை வைத்துக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்தேன். தூங்கியிருந்தான். முதுகில் தட்டினேன். விழித்தான்.

"அரை மணி நேரம் படுக்கியா?"

"கேட்டுப் பாக்கேன்." அவன் கம்பெனிக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. மரியாதையான குரல். காலை ஆறு மணிக்கு ஓசூரில் சரக்கு இறங்க வேண்டும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்றது. மிக்கேல் மாத்திரை விஷயத்தைச் சொன்னான். நல்ல வேளை போடவில்லை என்று குரல் சந்தோஷப்பட்டது. ஆறு மணி என்றது.

நான் இறங்கவில்லை. பேச்சுக் கொடுத்துக்கொண்டே வருகிறேன், தூங்கினால் தட்டுகிறேன் என்று சொன்னேன். நாளை பள்ளிக்குப் போக முடியாது. விடுப்புக் கடிதம் எழுதவில்லை. மிக்கேல் வண்டியை எடுத்தான்.

எங்களுக்குப் பின்னால் கிரேன் அலுவலகத்தை வேறு மாதிரி அடுக்கியது. முன்னால் நெடுஞ்சாலையில் பச்சைப் பலகை வந்தது. ஓசூர் ஐந்நூற்று நாற்பது கிலோமீட்டர் என்று போட்டிருந்தது. நான் "அனுமதி" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். தூரம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.